துளை எத்தனை?

"பதினோரு வருஷமா அலையறேன் அம்மா. அப்பாவோட நாயனம் கிடைக்கவே மாட்டேங்குது."

தியாகேசனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அன்னதான மடத்தை நடத்தும் மடத்தம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தரையில் உட்கார்ந்து முறையிட்டவர் தியாகேசன்தான். ஞானம் வயசு வரிசை பார்த்து வருவதில்லை.

மடத்தம்மா அன்னதானத்துக்கு மந்தார இலை தைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எங்கெல்லாம் தேடினீங்க?"

"தேடாத இடமில்ல. அப்பா போனதும் கூட வாசிச்சவங்க அதை எடுத்துட்டுப் போயிட்டாங்க. அப்ப நான் கேக்கல. இப்ப அவங்க ஒருத்தரும் உயிரோட இல்ல. அவங்க வீடு, பழைய சாமான் கடை, கோயில் அறை, ஒண்ணு விடல. எல்லாரும் நாயனம் நாயனமா எடுத்துக் காட்டறாங்க. எதுவும் அவரோடது இல்ல."

"பார்த்தா தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

மடத்தம்மா ஓர் இலையையும் தைக்கிற ஈர்க்கையும் அவரிடம் நீட்டினார்.

"அதுல துளை எத்தனை, எப்படி இருக்கும்? இதுல குத்திக் காட்டுங்க. நானும் நாலு பேர்கிட்ட விசாரிக்கிறேன்."

தியாகேசன் இலையை மடியில் வைத்துக்கொண்டார். ஈர்க்கை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். அதற்குள் மடத்தம்மா இரண்டு இலை தைத்து முடித்துவிட்டார்.

கடைசியில் தியாகேசன் இலையை முழுசாகவே திருப்பிக் கொடுத்தார்.

"துளை கிடையாது."

"துளையில்லாம நாயனமா?"

"நாயனம் இல்ல அம்மா. ஒத்து."

நாயனக்காரருக்குப் பின்னால் நின்று, ஒரே சுருதியை இழுத்துப் பிடித்து ஊதுகிற குழல் அது. கச்சேரி முடியும்வரை வேறு சுரம் கிடையாது. முடிந்தபின் மாலையும் கிடையாது. ஊரில் எவனாவது பெரிய மனிதர்களுக்கு ஆமாம் போட்டால், 'ஒத்து ஊதறான்' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் தியாகேசனுக்குப் பேரே 'ஒத்து'தான்.

"பொண்ணு வீட்டுக்காரங்க பெரிய இடம். என் கல்யாணப் பத்திரிகையில அப்பாவை 'நாதஸ்வர வித்வான் சட்டநாதன்'னு போட்டுட்டேன். அப்பாவுக்குக் காது மந்தம், தவிலுக்குப் பக்கத்துலயே நின்னவர். ஆனா கண்ணு நல்லாத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிச்சார். மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டார். ஒரு வார்த்தை கேக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் அதுவே வாயில வந்து பழகிடுச்சு."

"தேடிப் போன இடத்துலயுமா?"

தியாகேசன் கையிலிருந்த ஈர்க்கையும் திருப்பிக் கொடுத்தார்.

"போய்ச் சரியாக் கேட்டுட்டு வாங்க," என்றார் மடத்தம்மா.

முதலில் தேடிப்போன வீட்டிலிருந்தே தியாகேசன் மறுபடி ஆரம்பித்தார். அப்பாவோடு வாசித்த தவில்காரரின் வீடு அது. மருமகள்தான் இருந்தாள்.

"ஒத்துன்னா? நாயனம் மாதிரியே நீளமா, துளையில்லாம?"

"அதேதான்."

"நீங்க அன்னிக்கு வந்து நின்னப்ப இந்தக் கதவுக்குப் பின்னாலதான் சாத்தியிருந்துச்சு. நீங்க நாயனம்னு கேட்டீங்க. இருந்த ஒரு நாயனத்தை எடுத்துக் காட்டினேன். இது ஏதோ துளை போடாம விட்டது, ஆகாததுன்னு நெனச்சேன்."

"இப்ப எங்க?"

"போன ஐப்பசியில விடாத மழை. காஞ்ச விறகு இல்ல. அடுப்புல வெச்சுட்டேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தாள்.

"நல்ல ஆச்சா மரங்க. நின்னு எரிஞ்சுது."

கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். விளக்குமாறு இருந்தது.

போன ஐப்பசிவரை அது இங்கேதான் இருந்திருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கேட்டிருந்தால் போதும். பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்றுகூடப் பார்க்காமல், அந்த அறுபது தாண்டிய மனிதர் பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தார்.

மடத்தம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். இலைக்கட்டில் பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

இருவரும் தைத்துக்கொண்டிருந்தபோது, சாப்பிட வந்த வழிப்போக்கர் ஒருவர் பந்தி போடும்வரை பேச்சுக்கொடுத்தார்.

"பெரியவருக்கு எந்த ஊரு? அப்பா என்ன செஞ்சாரு?"

பழக்கதோஷம், தியாகேசனின் வாய் 'நா' வரைக்கும் போய்விட்டது. அங்கேயே நின்றது.

"ஒத்து ஊதினார்," என்றார், மெதுவாக.

வழிப்போக்கர் சிரித்தார். "யாருக்கு?"

"நாயனத்துக்கு. நாப்பது வருஷம்."

சிரிப்பு நின்றுவிட்டது.

மடத்தம்மா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அப்பாவுக்குக் காது மந்தம்னீங்களே."