கையோடு கொண்டுபோனவை

“பையைக் கொடுங்கன்னா ஒருத்தரும் கொடுக்க மாட்டேங்கிறாங்கம்மா” என்றார் தணிகாசலம்.

அவர் விமான நிலையத்தில் வாசல் மேற்பார்வையாளர். பயணிகள் விமானத்துக்குப் போகும் கடைசி வாசல் அவர் பொறுப்பு. வயது ஐம்பத்து நான்கு. அவருடைய குரு நல்லாயி அம்மாளுக்கு முப்பத்தாறு. ஞானத்தில் பணிமூப்பு பார்ப்பதில்லை.

“கொடுக்கலேன்னா என்ன?”

“தலைக்கு மேல தட்டுல பாதிப் பேர் பைதான் கொள்ளும். ஒருத்தர் நடுவழியில நின்னு திணிப்பார். பின்னால மொத்தப் பேரும் நிப்பாங்க. கடைசியில இடமில்லாம அந்தப் பை வாசலுக்கே திரும்பி வரும். விமானம் லேட்.”

“சரி.”

“சரியில்லைம்மா. நாளைக்கும் லேட்டானா வேலைக்கு வர வேண்டாம்னு மேலதிகாரி சொல்லிட்டார். பொண்ணு இன்னும் படிச்சு முடிக்கல. ஜனங்க பையை விடுற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிக்கொடுங்க.”

அம்மா அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தினார்.

“நீங்க கேக்கிறது—”

கூரையை உரசுவதுபோல் ஒரு விமானம் போயிற்று.

ஆசிரமம் ஓடுபாதையின் முனையில் இருந்தது. நிலம் மலிவாகக் கிடைத்த இடம். விமானம் வந்தால் அம்மா பேச்சை நிறுத்துவார், போனபின் தொடரமாட்டார். அந்தப் பாதி வாக்கியங்களிலேயே தெளிவு பெற்றதாகச் சில சீடர்கள் சொல்லிக்கொள்வார்கள். தணிகாசலத்துக்கு அதில் உடன்பாடில்லை. எழுவாய் என்று ஒன்று வந்தால் பயனிலையும் வந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி.

“நான் கேக்கிறது?”

“நாளைக்கு உங்க விமானத்துலதான் வர்றேன்” என்று அம்மா அவரைக்காய்க்குத் திரும்பினார்.

மறுநாள் காலை வாசலில் வரிசை வளைந்து நின்றது. முதல் ஆளாக அம்மா. தோளில் உப்பிப்போன ஒரு பை.

தணிகாசலத்துக்கு உயிர் வந்தது. குருவே முதலில் கொடுத்தால் ஊரே கொடுக்கும்.

“அம்மா, பையைக் கொடுங்க. கீழே விமானத்தோட வயித்துல பத்திரமா வரும்.”

“மாட்டேன்.”

“அம்மா!”

“தரமாட்டேன்னா தரமாட்டேன்.” அம்மா பையைக் குழந்தைபோல் கட்டிக்கொண்டார்.

“விளையாடாதீங்கம்மா. எல்லாரும் பாக்குறாங்க.”

“நல்லா பாக்கட்டும்.”

பின்னாலிருந்த மஞ்சள் சட்டைக்காரர் சிரித்தார். “முற்றும் துறந்தவங்களே தரல. நாங்க மட்டும் இளிச்சவாயனுங்களா?”

கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டொருவரும் பையை இறுக்கிக்கொண்டார்கள்.

தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். மிரட்டும் குரலும் வரவில்லை, கெஞ்சும் குரலும் வரவில்லை. மிச்சமிருந்த குரலில் கேட்டார்.

“அப்படி அதுல என்னதாம்மா இருக்கு?”

அம்மாவின் முகம் மாறியது. பையைத் தரையில் வைத்துத் திறந்தார். சால்வையை விலக்கி, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

ஒரு மூக்குக் கண்ணாடி. தடித்த கறுப்புச் சட்டம், ஆண்கள் போடுவது.

அம்மா கண்ணாடி போடுகிறவர் அல்ல.

பதினோரு வருடச் சீடர் அதை ஒருநாளும் பார்த்ததில்லை.

“இப்ப எடுத்துக்குங்க” என்று அம்மா பையை அவரிடம் நீட்டினார். கண்ணாடியைக் கையில் பிடித்தபடி ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அடுத்தது மஞ்சள் சட்டைக்காரர். தணிகாசலம் பையைக் கேட்கவில்லை.

“உங்க பையில என்ன இருக்கு?”

“அதான் உள்ளயே சோதிச்சுட்டாங்களே.”

“அதுக்கில்லைங்க. விட மனசு வராதது எது?”

அவர் முறைத்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து பையைத் திறந்தார். எக்ஸ்ரே உறை ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “அப்பாவோடது” என்றார். பையை அவரே தள்ளுவண்டியில் வைத்தார்.

ஒரு பெண் சலங்கையை எடுத்தாள். ஒருவர் அதிரச டப்பாவை எடுத்தார். ஒரு பெரியவர் டிவி ரிமோட்டை எடுத்து, “மருமகன் வீட்டுல இருக்கான்” என்று விளக்கம் வேறு சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாணவி வெகுநேரம் தேடிவிட்டு, “ஒண்ணுமில்ல சார்” என்று வெறுங்கையோடு, கொஞ்சம் பயந்தவளாக நடந்தாள்.

வெயிலில் அவர்கள் வரிசையாக விமானத்தை நோக்கிப் போனார்கள். அர்ச்சனைத் தட்டு ஏந்திப் போகிறவர்களைப்போல. ஆளுக்கு ஒன்று. ஒருவரும் முந்தவில்லை. முன்னே போகிறவர் கையில் இருப்பதைத் தட்டிவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் ஓரடி தள்ளியே நடந்தார்கள்.

இத்தனை வருடம் அந்த வாசலில் நின்றவருக்குக் கண் கூசியது.

பணிப்பெண் படிக்கட்டில் இறங்கி ஓடிவந்தாள். “சார், எல்லாரும் உக்காந்தாச்சு! மேல தட்டு மொத்தமும் காலி. என்ன சார் பண்ணீங்க? கேப்டன் முன்னாடியே கிளம்பிடலாங்கிறார்.”

ஓரமாக நின்றிருந்த அம்மா கடைசியாகப் படியேறினார். தணிகாசலம் படிக்கட்டு வரை பின்னாலேயே ஓடினார்.

“அம்மா, அந்தக் கண்ணாடி யாரோடது?”

அம்மா மேல்படியில் திரும்பினார்.

“இது—”

ஓடுபாதையில் வேறொரு விமானம் கிளம்பிற்று. வானம் அதிர்ந்தது. அம்மாவின் உதடுகள் அசையவில்லை.

ஓசை அடங்கியபோது கதவு மூடியிருந்தது.

தணிகாசலம் படிக்கட்டின் அடியில், முழுவதையும் கேட்டு முடித்தவரைப்போல், மெல்லத் தலையாட்டினார்.