செம்போத்தின் பத்தாவது கோடு

மான்களும் காட்டுப்பன்றிகளும் ஒரே ஏரியின் இரண்டு கரைகளில் வாழ்ந்தன. பங்குனி பிறந்தால் ஏரி வற்றிவிடும். நடுவில் ஒரு மடு மட்டும் மிஞ்சும். அந்தத் தண்ணீர் இரண்டு கூட்டத்துக்கும் போதாது.

அதனால் ஆண்டுக்கு ஒருமுறை வற்றிய ஏரியில் பனங்காயை உதைத்து ஆடுவது வழக்கம். வென்ற கரைக்கு மடு. தோற்ற கரை இரண்டு நாள் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும். மான்கள் ஆவாரம்பூ சூடி வரும், பன்றிகள் செம்மண் பூசி வரும். பால்குடி மறக்கும் முன்பே குட்டிகளுக்கு எதிர்க்கரையைத் திட்டக் கற்றுக்கொடுத்துவிடும்.

யார் வெல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்வது புங்கமரத்துச் செம்போத்துப் பறவையின் வேலை. ஒன்பது ஆண்டுகள் அது சொன்னது அப்படியே நடந்தது. ஆண்டுக்கு ஒரு கோடாக மரப்பட்டையில் கீறி வைத்திருந்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. புதரில் ஒளிந்து இரண்டு கரையின் பயிற்சியையும் பார்க்கும், பலமான பக்கத்தைச் சொல்லும்.

இந்த ஆண்டு, "பன்றிங்கதான். சந்தேகமே வேண்டாம்" என்றது.

மான் கூட்டத்தின் முகம் செத்துவிட்டது. தலைவன் கிளைக்கொம்பன் யோசித்தது. எப்படியும் தோல்விதான். ஆடிக் களைத்துப்போய் நடப்பதைவிட விடியும் முன்பே ஆற்றுக்குக் கிளம்பினால் வெயிலாவது மிச்சம் என்றது. எல்லா மான்களும் தலையாட்டின.

மருதி என்ற மான் மட்டும் தலையாட்டவில்லை. அதன் குட்டி பிறந்து பதினாறு நாள்தான் ஆகிறது. நின்றாலே கால் நடுங்கும்.

"ஆடித் தோத்தா போவோம். ஆடாமலே எதுக்குங்க போகணும்? என் குட்டி அவ்வளவு தூரம் நடக்காது" என்றது மருதி.

"செம்போத்தைவிட உனக்குத்தான் எல்லாம் தெரியுமாக்கும்" என்றது கிளைக்கொம்பன். கூட்டம் சிரித்தது. விடியும் முன்பே கிளம்பியும் விட்டது.

எதிர்க்கரைக்கும் செம்போத்தின் பேச்சு போயிருந்தது. வெற்றி கைக்கு வந்துவிட்டதாகப் பன்றிகள் முதல் நாளே விருந்து வைத்தன. ஏதோ காட்டுக்கிழங்கைத் தோண்டி வயிறு முட்டத் தின்றன. மறுநாள் விடியும் முன்பே செம்போத்து புதருக்குள் தத்திப் போய்ப் பார்த்தபோது, மொத்தக் கூட்டமும் வயிறு கழிந்து சுருண்டு கிடந்தது.

செம்போத்துக்கு உடனே புரிந்தது. இன்று மான்கள் ஆடினால் மான்களுக்குத்தான் மடு. மரத்துக்குத் திரும்பி வந்து பார்த்தது. மான்கள் அப்போதுதான் கரையை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. ஒரு குரல் கொடுத்தால் போதும், திரும்பி வந்துவிடும். செம்போத்து வாயைத் திறந்தது. பட்டையில் இருந்த ஒன்பது கோடுகளும் கண்ணில் பட்டன. வாயை மூடிக்கொண்டது.

ஏரி நடுவில் மருதி குட்டியோடு தனியாக நின்றது. வெகுநேரம் கழித்து மூன்று பன்றிகள் தள்ளாடி வந்தன. நடுவரான ஆமை இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று பேராவது வேண்டும் என்பது விதி.

"உன் பக்கம் வேற யாராச்சும் வர்றாங்களா, மருதி?"

மருதி கரையைப் பார்த்தது. தூசி மட்டும்தான் தெரிந்தது. ஆமை பெருமூச்சு விட்டு, மடுவைப் பன்றிகளுக்குக் கொடுத்தது.

பன்றித் தலைவன் மருதியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னது: "இன்னும் ரெண்டு பேர் வந்திருந்தா போதும். எங்களால நிக்கக்கூட முடியல."

மருதி கரைப் பக்கம் திரும்பியது. குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு கூட்டம் போன வழியில் போனது. மூன்றாம் நாள் ஆற்றங்கரைக்குக் குட்டி இல்லாமல் அது மட்டும் வந்து சேர்ந்தது.

செம்போத்து பத்தாவது கோட்டைக் கொஞ்சம் ஆழமாகவே கீறியது.

அடுத்த பங்குனியும் வந்தது. மான் கூட்டம் புங்கமரத்தடியில் கூடியது. "இந்த வருஷம் யாருங்க?" என்று பணிவாகக் கேட்டது கிளைக்கொம்பன். மருதி அங்கே இல்லை. வற்றிய ஏரியில் தனியாகப் பனங்காயை உதைத்துக்கொண்டிருந்தது.

முடிவை முன்கூட்டிச் சொல்பவனுக்குத் தன் பேச்சு பலித்தால் போதும். அதை நம்பிக் களத்தை விட்டுப் போகிறவன்தான் அந்தப் பேச்சைப் பலிக்க வைக்கிறான்.