பன்னிரண்டு குட்டிகளும் ஓட்டை மெத்தையும்

நாவல்காட்டுக் குளக்கரையில் ஒரு பூவரச மரம். அதன் பொந்தில் பவளம் என்ற அணில் குடியிருந்தாள். புருஷன் வேலப்பன், நாலு குட்டிகள், படுத்த படுக்கையாய் ஒரு மாமியார். சுறுசுறுப்பில் பவளத்தை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் கிடையாது. ஆனால் ஒரு சாமானை எங்கே வைத்தோம் என்பது மட்டும் அவளுக்கு எந்த ஜென்மத்திலும் நினைவிருக்காது!

அந்தக் காட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு குடும்பமும் வருஷத்தில் சேர்த்த கொட்டையில் ஆறில் ஒரு பங்கைப் புலிராஜாவுக்குக் கட்ட வேண்டும். அதை வைத்துத்தான் குளம் தூர் வாருவார்கள், காட்டுத்தீ பரவாமல் கோடு வெட்டுவார்கள். ராஜா ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவர் அல்ல. குட்டி ஒன்றுக்கு முப்பது கொட்டைக்கு வரி கிடையாது. கீரி வைத்தியரிடம் மருந்துக்குக் கொடுத்தது, மைனா வாத்தியாரிடம் படிப்புக்குக் கொடுத்தது, பஞ்ச காலத்துக்கென்று பொதுப்பொந்தில் போட்டது, இவற்றுக்கும் வரி கிடையாது.

ஒரே ஒரு நிபந்தனை. இலைச்சீட்டு காட்ட வேண்டும்! பத்துக் கொட்டை கொடுத்தால் ஓர் இலை தருவார்கள். நடுவில் மரங்கொத்தி 'டொக்' என்று ஒரு துளை போட்டுவிடுவார். மருந்துக்குப் புரச இலை, படிப்புக்கு அரச இலை, பொதுப்பொந்துக்கு ஆல இலை. பச்சைக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

ஆடிப்பெருக்குக்கு மூன்று நாள் இருக்கும்போது காகம் வந்து கத்தியது.

"வரிக் கணக்கு கொடுக்க நாளை மறுநாள் கடைசி! சூரியன் சாய்ந்தால் கணக்கு மூடப்படும்!"

பவளம் பொந்துக்குள் ஓடினாள். "என்னங்க! அந்த இலைச்சீட்டெல்லாம் எங்கே வச்சீங்க?"

"நான் எங்கே வச்சேன்? நீதானே வாங்கிட்டு வந்தே!" என்றான் வேலப்பன்.

பொந்தைத் தலைகீழாக்கினார்கள். கிளை கிளையாகத் தேடினார்கள். ஓர் இலை கூட அகப்படவில்லை. மாமியார் மட்டும் படுத்தபடியே முனகினாள். "தேடுறதுதான் தேடுறே, எனக்கு ஒரு நல்ல மெத்தையா தேடிக் கொண்டாடி! இது பூரா ஓட்டை. ஊசிக் காத்து அடிக்குது!"

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க! இங்க குடியே முழுகுது!"

அவள் சொன்னதில் தப்பில்லை. அந்த வருஷம் அவர்கள் சேர்த்தது முந்நூற்று அறுபது வாதாங்கொட்டை. கையில் மிச்சம் நூற்றுப்பத்து. சீட்டு இல்லையென்றால், நாலு குட்டிக்கு நூற்றிருபது கழித்தாலும், அதில் நாற்பது வரிக்குப் போய்விடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு மூன்று மாத மழையை ஏழு வயிறு எப்படித் தாண்டும்? பவளத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் மரத்தடியில் ஓர் ஓணான் வந்து நின்றது. பேர் தண்டபாணி. தொழில் வரி ஆலோசனை. யார் எதைக் கேட்டாலும் தலையை மேலும் கீழும் ஆட்டும். அதைப் பார்த்தாலே பாதி பேருக்குத் தைரியம் வந்துவிடும்.

"தங்கச்சி, ஏன் கண்ணைக் கசக்குறே? அண்ணன் இருக்கேன்ல! உனக்குக் குட்டி எத்தனை?"

"நாலுண்ணே."

"பன்னிரண்டுன்னு போடு!"

"ஐயையோ! மிச்சம் எட்டுக்கு நான் எங்கே போவேன்?"

"நீ ஏன் போகணும்? எவன் வந்து எண்ணப் போறான்? பன்னிரண்டு முப்பது முந்நூத்தி அறுபது. வரி சுத்தமா கிடையாது! என் கூலி இருபது கொட்டை. முன்பணம்."

"மாட்டிக்க மாட்டோமே?"

ஓணான் தலையை ஆட்டியது. மாட்டுவோம் என்று ஆட்டியதா, மாட்டோம் என்று ஆட்டியதா, அதை யார் கவனித்தார்கள்! இருபது கொட்டை எண்ணி வாங்கிக்கொண்டு, கணக்கையும் எழுதி, அரண்மனையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லி எடுத்துப் போய்விட்டது.

மறுநாள் காலை காகம் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை அதன் முகமெல்லாம் சிரிப்பு.

"பவளம்! யோகக்காரி நீ! ஒரே வீட்டில் பன்னிரண்டு குட்டியா என்று பெரியநாயகியம்மா பூரித்துப் போய்விட்டார். நாளை நேரிலேயே பார்க்க வருகிறார்!"

பெரியநாயகி என்றால் யார் தெரியுமா? புலிராஜாவின் வரி அதிகாரி. யானை! குழந்தைகள் என்றால் அந்த அம்மாவுக்கு உயிர்.

பவளம் ஓட்டமாய் ஓடி ஓணானைப் பிடித்தாள். "அண்ணே! எண்ண வராங்க!"

"அட, வரட்டுமே! பக்கத்துப் புதரில் சுண்டெலி கோமதி இல்லே? எட்டுக் குட்டியைக் கடன் வாங்கு. முதுகில் சுண்ணாம்பால் மூணு கோடு போடு. வாலில் நாணல் பூவைக் கட்டு. பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது!"

கோமதிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "எட்டு போதுமாக்கா? எங்கிட்ட பதினேழு இருக்கு. நாளைக்கு உச்சியிலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் வச்சுக்கோ. சாப்பாடு மட்டும் போட்டுடு!"

மறுநாள் உச்சிவேளை. ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. மரத்தடியில் பன்னிரண்டு குட்டிகள் வரிசையாக நின்றன. ஓர் எலிக்குட்டி தன் நாணல் பூவை மோந்து பார்த்துத் தும்மியது. இன்னொன்று பக்கத்துக் குட்டியின் வாலைத் தின்னத் தொடங்கியது. ஓணான் மேல்கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது.

தரை அதிர அதிர வந்தார் பெரியநாயகி. "அடி என் கண்ணுகளா! பன்னிரண்டும் எவ்வளவு லட்சணம்! பேரெல்லாம் என்னம்மா?"

பேரா! பேரைப் பற்றி யார் யோசித்தார்கள்? சொந்தக் குட்டிகள் நாலின் பேரைப் பவளம் மடமடவென்று சொன்னாள். ஐந்தாவதில் திக்கென்று நின்றாள்.

"அது... நாவல்! இது இலந்தை! அப்புறம்... புளி! மிளகு! சீரகம்!"

"மிளகு சீரகமா?"

"செல்லப் பேருங்கம்மா! அது பூண்டு, இது தக்காளி, கடைசி... கடைசி உப்பு!"

"ஏம்மா, குட்டிக்குப் பேர் வச்சியா, ரசம் வச்சியா?" என்று கேட்டுவிட்டு யானை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பவளமும் சிரித்தாள்.

"அடடா! புழுதி பூரா குழந்தைகள் மேலே! பாவம், இருங்க, பாட்டி குளிப்பாட்டி விடறேன்!"

"வேண்டாம்மா!" என்று பவளம் அலறினாள்.

அதற்குள் தும்பிக்கை குளத்துக்குள் போய்த் திரும்பிவிட்டது. புஸ்ஸ்ஸ்! பன்னிரண்டு குட்டிகளும் குதூகலத்தில் கும்மாளம் போட்டன. தண்ணீர் வடிந்தது. கூடவே சுண்ணாம்பும் வடிந்தது. நாணல் பூக்கள் தனியாகக் குளத்தை நோக்கி மிதந்து போயின. நாலு அணில்களும் எட்டுச் சுண்டெலிகளும் சொட்டச் சொட்ட நின்றன. உப்பு என்ற குட்டி, "அக்கா, இப்ப சாப்பாடு போடுவீங்களா?" என்று கேட்டது.

யானையின் சிரிப்பு நின்றது. "இன்னைக்கு இந்த எட்டுப் பேரைப் பார்க்கிறது மூணாவது தடவை. காலையில் முயல் வீட்டில் காதை ஒட்டிக்கிட்டு நின்னாங்க. பொய்க் கணக்குக்கு என்ன தண்டனை தெரியுமா? கட்ட வேண்டிய வரி இரட்டிப்பு!"

நாற்பதுக்கு எண்பது! கையில் இருப்பதே தொண்ணூறு! பவளம் தரையில் விழுந்தாள். வெட்கமும் பயமும் ஒன்றாகப் பிடுங்கின.

"அம்மா, தப்புதான்! எனக்கு நாலுதான் குட்டி. ஆனா நான் செலவு பண்ணினது நிஜம்மா! மாமியார் மருந்துக்குக் கொடுத்தேன், பிள்ளைங்க படிப்புக்குக் கொடுத்தேன், பொதுப்பொந்திலும் போட்டேன். சீட்டைத்தான் தொலைச்சுட்டேன். பத்துக் கொட்டையை வச்சுக்கிட்டு மழைக்காலத்தில் இதுங்களுக்கு என்னத்தைப் போடுவேன்?"

பெரியநாயகிக்கு மனசு இளகியது. ஆனால் சட்டம் சட்டம்தானே! "சீட்டு இல்லாம நான் என்னம்மா செய்ய முடியும்?"

அந்த நேரம் பார்த்துப் பொந்துக்குள்ளிருந்து மாமியாரின் குரல் கிளம்பியது.

"யாருடி அது வாசல்ல? யாரா இருந்தாலும் நியாயம் சொல்லட்டும்! போன மாசியிலேர்ந்து இலை இலையா எனக்கு மெத்தை போட்டா என் மருமக. ஓர் இலை உருப்படியா இல்லே! எல்லாத்துலயும் நட்டநடுவில் ஒரு ஓட்டை!"

பவளம் நிமிர்ந்தாள். வேலப்பனைப் பார்த்தாள். வேலப்பன் அவளைப் பார்த்தான்.

காய்ந்த இலையைக் கண்டால் அணில் சும்மா விடுமா? கூட்டில் பரப்பிவிட்டுத்தானே மறு வேலை! வாங்கி வந்த சீட்டையெல்லாம் வந்த கையோடு மெத்தையாக்கிவிட்டு, மூன்று நாளாக அந்த மெத்தையைச் சுற்றிச் சுற்றித் தேடியிருக்கிறாள்!

"அத்தை, கொஞ்சம் எழுந்திருங்க!"

"எழுந்திருக்க முடிஞ்சா நான் ஏன்டி படுத்திருக்கேன்?"

வேலப்பன் அம்மாவை அலாக்காகத் தூக்க, பவளம் மெத்தையை உருவ, தும்பிக்கை ஒவ்வோர் இலையாக வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தது. புரச இலை பதினொன்று. அரச இலை எட்டு. ஆல இலை ஆறு. எல்லாவற்றிலும் மரங்கொத்தியின் துளை!

"சீட்டுக்கு இருநூத்தம்பது. நாலு குட்டிக்கு நூத்தியிருபது. மொத்தம் முந்நூத்தியெழுபது!" யானை காதுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டார். "அடி அசடே! நீ சேர்த்ததே முந்நூத்தி அறுபதுதானே! உண்மையைச் சொல்லியிருந்தா உனக்கு வரியே இல்லையடி!"

"அப்போ... தண்டனை?" என்று பவளம் மெல்லக் கேட்டாள்.

"தண்டனை உண்டு. கட்ட வேண்டிய வரி இரட்டிப்பு. ஒன்றுமில்லாததுக்கு இரட்டிப்பு எவ்வளவு?"

"ஒன்றுமில்லை!" என்று பன்னிரண்டு குட்டிகளும் கோரஸாகக் கத்தின. உப்பு மட்டும் பசியில் கத்தவில்லை என்று பிறகு தெரிந்தது.

ஓணான் நைசாகப் பின்பக்கக் கிளைக்கு நழுவியது. தும்பிக்கை நீண்டு அதை வளைத்துப் பிடித்தது.

"தண்டபாணி, ஊரெல்லாம் கூலி வாங்கினியே, உன் கணக்கைக் கொடுத்தியா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓணானின் தலை ஆடாமல் நின்றது. அதற்கு ஒரு குட்டியும் இல்லை, ஒரு சீட்டும் இல்லை. ஆறில் ஒரு பங்கு, அதுவும் இரட்டிப்பாக! பவளத்தின் இருபது கொட்டை திரும்பி வரவில்லை. அதையெல்லாம் அது முன்பே தின்று தீர்த்திருந்தது.

சீட்டு இலைகளை யானை அரண்மனைக்கு எடுத்துப் போய்விட்டார். அன்று முழுக்க மாமியார் வெறும் மரத்தில் படுத்துக்கொண்டு, "ஓட்டை மெத்தையே தேவலாம்டி!" என்று புலம்பினாள். பவளம் சிரித்துக்கொண்டே ஓட்டையில்லாத இலைகளாகப் பொறுக்கி வந்து புது மெத்தை போட்டாள். மறுநாள் மருந்து வாங்கியபோது கிடைத்த புரச இலையை மட்டும் வேறொரு பொந்தில் தனியாகச் செருகினாள். அந்தப் பொந்து எது என்பதை நாலு குட்டிகளுக்கும் மனப்பாடம் செய்வித்தாள்.

செலவு செய்த அன்றே சீட்டைப் பத்திரப்படுத்துகிற வீட்டுக்குக் கடைசி நாளில் பொய்யும் தேவைப்படாது, பொய் விற்கிறவனும் தேவைப்படமாட்டான்.