கோதுமை வயல் நடுவுல ஒரு பாதை

ஏழு கடலுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரங்க சீமையில ஒரு சின்ன ஊரு இருந்துச்சாம். ஊருக்கு ஒரே ஒரு சர்ச்சு, மேட்டு மேல. செத்தவங்களைப் புதைக்கிறதும் அங்கதான். ஊருக்கும் சர்ச்சுக்கும் நடுவுல ஹார்விக் துரையோட கோதுமை வயல். அந்த ஊர்ல ஒரு வழக்கம் கேளு. எந்த நிலத்து வழியா ஒரு பொணத்தைத் தூக்கிட்டுப் போறாங்களோ, அது அன்னையிலேருந்து ஊருக்குப் பொதுப்பாதை. அப்புறம் ராஜாவே வந்தாலும் மறிக்க முடியாது. அதுக்குப் பயந்துதான் துரை வயலைச் சுத்தி வேலி போட்டு, கேட்டுல பெரிய பூட்டாத் தொங்கவிட்டிருந்தான். செத்தவங்களை எல்லாம் வயலுக்கு அந்தாண்ட ஓடுற ஆத்துல எறங்கி, சுத்திக்கிட்டுத்தான் தூக்கிட்டுப் போவாங்க.

அங்க மேபல்னு ஒருத்தி இருந்தா. அவ புருஷன் நெட், சர்ச்சு மணி அடிக்கிறவன். ஊர்ல யார் செத்தாலும் அவன்தான் கயித்தைப் புடிச்சு அடிப்பான். ஒரு பனிக்காலத்துல அவனே செத்துப் போனான். ஆத்துலயோ இடுப்புக்கு மேல தண்ணி. மேபல் துரை வீட்டுக்குக் காலையில போய்க் கேட்டா, முடியாதுன்னான். மத்தியானம் போய்க் கேட்டா, முடியாதுன்னான். சாயங்காலம் மண்டி போட்டுக் கேட்டா, உன் புருஷனுக்குத் திறந்தா நாளைக்கு ஊரே என் கோதுமையை மிதிக்கும்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டான்.

என்ன பண்ணுவா பாவம்? ஆத்துலதான் எறங்குனாங்க. நடு ஆத்துல ஒருத்தனுக்குக் கால் வழுக்கி, பொணப்பெட்டி தண்ணிக்குள்ள போயிடுச்சு கண்ணு. எப்படியோ தேடி எடுத்தாங்க. ஆனா நனைஞ்ச துணியோடதான் அவனை மண்ணுக்குள்ள வச்சாங்க. மேபலுக்கு அது ஆறவே இல்ல. அடுப்புப் பக்கம் குளிர்காய உக்காருவா, அவருக்குக் குளிருமேன்னு உடனே எழுந்திரிச்சுப் போயிடுவா.

அப்புறம் என்னாச்சுன்னா, மறுவருஷம் துரையோட அம்மா செத்துப்போனா. என் புருஷன் பக்கத்துலதான் என்னைப் புதைக்கணும்னு சொல்லிட்டுச் செத்தா. அந்த நேரம் பார்த்து ஆறு கரை பொரண்டு ஓடுது. ஒரு நாள் பார்த்தாங்க, ரெண்டு நாள் பார்த்தாங்க, மூணாம் நாளும் வடியல. வேற வழியில்லாம துரை பெட்டியைத் தூக்கிட்டு வரச்சொல்லி வயல் கேட்டாண்ட வந்து நின்னான். பின்னாலயே ஊரும் நின்னுச்சு.

"இந்த வழியாப் போங்க. ஆனா இது கணக்குல சேராது, நாளைக்கு மறுபடி பூட்டிடுவேன்"னான்.

தூக்கினவங்க பெட்டியைக் கீழ வச்சிட்டாங்க. மேபல் முன்னால வந்தா. சத்தம் போடல.

"துரை, அப்போ உங்கம்மா செத்ததும் கணக்குல சேராதா?"

துரை பெட்டியைப் பார்த்தான். அம்மா, அம்மான்னு அழுதுகிட்டே தன் கையாலயே பூட்டைத் திறந்தான். இனிமே இது உங்க பாதைன்னு ஊருக்கு முன்னால சொன்னான். பெட்டியை மேட்டுல ஏத்த ஒரு பக்கம் ஆள் போதல. மேபல் போய்த் தோள் குடுத்தா.

"அந்தம்மாவாவது நனையாமப் போகட்டும்"னா.

துரை கண்ணு முன்னாலயே அவன் கோதுமை மிதிபட்டுச்சு. அதுக்கப்புறம் அந்த கேட்டுல பூட்டே இல்ல. ஞாயித்துக்கிழமையானா மேபல் அந்த வழியாத்தான் புருஷன்கிட்டப் போயிட்டு வருவா. அவ நடந்த எடத்துல இன்னிக்கும் கோதுமை மொளைக்கிறதில்லையாம்.

செத்தவங்களுக்கு வழி மறிச்சவன், பெத்தவளுக்கே வழியில்லாம நின்னான். கதை அந்தப் பாதையோட போயிடுச்சு, நீயும் கண்ணை மூடு.