நடுவுல போகாம குழம்பு கடத்தின கதை

பொட்டல்வெட்டிங்கிற ஊரு ஒரு வாய்க்காலோட ரெண்டு கரையிலயும் இருக்கு. குறுக்க ஒத்தப் பனைமரத்தைப் போட்டு, பாலம்னு பேரு வச்சிருந்தாங்க.

இந்தக் கரைத் தவசி மகளுக்கும் அந்தக் கரைப் பையனுக்கும் கல்யாணம். சோறு மாப்பிள்ளை வீட்டுல பொங்கணும், குழம்பு பொண்ணு வீட்டுல இருந்து போகணும். அதுதான் வழக்கம். குழம்பு வரலைன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இலையை மடக்கிட்டு எந்திரிச்சிருவாங்க.

அண்டாவைத் தூக்குறவன் தவசியோட மச்சினன் வீரபாகு. அவன் வெறுங்கையோட நடந்தாலே மரம் நடுவுல வளைஞ்சு தண்ணியைத் தொட்டுரும்.

வாய்க்கால் பாக்க வந்த ஓவர்சியரைப் பிடிச்சு, அண்டாவோட இவன் நடுவுக்குப் போனா மரம் எவ்வளவு தாழும்னு கேட்டாங்க.

"அளந்து பாக்க நடுவுக்கே போக வேண்டாம். இவன் நடுவுல நின்னா ஓரம் எவ்வளவு தாழுமோ, ஓரத்துல நின்னா நடுவும் அவ்வளவுதான் தாழும்"னு சொல்லிட்டு அவர் சைக்கிள் ஏறிப் போயிட்டார்.

ஊரு கூடி யோசிச்சுது.

"அப்ப ஓரமும் நடுவும் ஒண்ணுதானே அத்தான்"னான் வீரபாகு.

"அந்தக் கரை ஓரம்?"னு கேட்டார் பூசாரி சடையாண்டி.

"அதுவும் நடுவுதான்"னார் தவசி. "இந்த ஓரத்துல வீரபாகு, அந்த ஓரத்துல மாப்பிள்ளையோட சித்தப்பா குருசாமி. ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் நிப்பாங்க. அண்டாவைக் கை மாத்திர வேண்டியதுதான்."

"இடிச்சுக்க மாட்டோமா அத்தான்?"

"கொஞ்சம் ஒதுங்கி நில்லு."

தாலி கட்டியாச்சு. அந்தக் கரையில இலை போட்டு சோறும் வச்சாச்சு. பொண்ணு வீட்டு ஆளுங்க, குழம்பை அனுப்பிட்டு வர்றோம்னு இந்தக் கரையிலயே நின்னாங்க. வீரபாகு ஒதுங்கி நின்னு அண்டாவை நீட்டினான். நாப்பது அடிக்கு அந்தப் பக்கம் குருசாமி கையை நீட்டினார்.

"பிடிச்சிட்டீரா?"

"பிடிச்சிட்டேன், விடும்."

விட்டான்.

வாய்க்கால் கொஞ்ச நேரம் மஞ்சளா ஓடுச்சு. முருங்கைக்காய் வரிசையா கிழக்கே போச்சு. தவசி தலையில கை வச்சு உக்காந்துட்டார். "மானம் போச்சு. வெறுஞ்சோத்தை எப்படித் திம்பாங்க?"

"எதுக்குய்யா கலங்குறீரு?"ன்னார் சடையாண்டி. "இங்க வச்ச பாரம் அங்க தாழ்த்துதுல்ல? அப்ப இங்க ஊத்தின குழம்பு அங்க இலையில விழுந்திருக்கும்."

தவசி எந்திரிச்சு, "குழம்பு எப்படி சம்பந்தி?"ன்னு கத்தினார்.

குருசாமி வெறுஞ்சோத்தை மென்னுக்கிட்டே, "அருமை. உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி"ன்னார்.

தவசிக்கு உசிரு வந்துச்சு. "அவங்க அங்க தின்னா நமக்கு இங்க நிறையணுமே"ன்னு எல்லாரையும் வரிசையா உக்கார வச்சார். ரொம்ப நேரம் வயித்தைத் தடவிக்கிட்டு இருந்தாங்க. கடைசியா வீரபாகு பெரிய ஏப்பமா விட்டு, அந்தக் கரையைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"போதும் சம்பந்தி, இனி ஒரு வாய் இறங்காது. நீங்க எந்திரிங்க."

அந்தக் கரையில அத்தனை பேரும் பாதிச் சோத்துல எந்திரிச்சு, ஆளுக்கு ரெண்டு தடவை கை கழுவினாங்க. ஒண்ணு தங்களுக்கு, ஒண்ணு பொண்ணு வீட்டுக்கு.