பாளையங்கோட்டை பஸ்

மாசிலாமணி அருளப்பனைக் குரு என்றுதான் அழைப்பார். அவர்கள் போகும் கூட்டத்தில் குரு, சீடன் என்ற வழக்கமெல்லாம் கிடையாது. குடியை விட்டவர்களும் விட முடியாமல் தவிப்பவர்களும் வட்டமாக உட்கார்ந்து, அவரவர் கதையைச் சொல்வார்கள். முன்னால் விட்டவர் பின்னால் வந்தவருக்குத் துணை. அவ்வளவுதான்.

மாசிலாமணிக்குத் துணையாக அமைந்த அருளப்பன், அவரைவிடப் பத்து வயது இளையவர். பாளையங்கோட்டையில் டயர் கடை வைத்திருந்தார்.

"குருன்னு சொல்லாதீங்க அண்ணாச்சி. கடையில பையன்க சிரிக்கானுவ."

"நீங்க எனக்கு குருதான்."

ஒரு நாள் காலையிலேயே மாசிலாமணி டயர் கடைக்கு வந்து நின்றார். முகத்தை நிமிர்த்தவில்லை.

"போன வாரம் இங்க கூட்டம் முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் வர நேரமாச்சு. எதிர்ல கடை இருந்துச்சு."

"குடிச்சீங்களா?"

"குடிச்சேன். கூட்டத்துல எல்லாரும் கை தட்டின சத்தம் காதுல இருக்கும்போதே குடிச்சேன். வெக்கமா இருக்கு குரு. செத்துரலாம் போல இருக்கு."

அருளப்பன் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உங்க சங்கரன்கோவில்லயே வெள்ளிக்கிழமை கூட்டம் நடக்கு. சந்தைக்குப் பின்னால, பள்ளிக்கூடத்துல. நடந்தே போயிரலாமே. எதுக்கு இவ்வளவு தூரம்?"

மாசிலாமணி பதறிப்போனார். "அது மட்டும் வேண்டாம். ஊருக்குள்ள நான் பாத்திரக்கடை வச்சிருக்கவன். மகளுக்கு வரன் பாக்கேன். அப்பன் குடிகாரன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்?"

"ஊருக்குத் தெரியாதா?"

"தெரியாமத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் அருளப்பன் தன் குட்டியானை வண்டியில் டயர்களை ஏற்றினார். கூட்டத்துக்காகப் பஸ்ஸில் வந்திறங்கிய மாசிலாமணியிடம், "வாங்க அண்ணாச்சி, உங்க ஊர்ப்பக்கம் ஒரு வேலை இருக்கு" என்றார்.

ஊர் நெருங்கியதும் மாசிலாமணி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"உங்ககூட என்னை யாராவது பாத்தா? யாருன்னு கேப்பாங்க, எதுக்குன்னு கேப்பாங்க. நான் பின்னால ஏறிக்கிடுதேன்."

வெள்ளை வேட்டி கட்டிய பெரிய மனுஷன், டயர்களுக்கு நடுவே படுத்துத் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டார். தன் தெருவுக்குள் தானே திருடனைப் போல வந்தார்.

வண்டி நின்ற இடம் சுடலைமுத்துவின் டீக்கடை. மாசிலாமணியின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. அருளப்பன் வண்டியில் சாய்ந்தபடி டீ வாங்கினார்.

"பாத்திரக்கடை அண்ணாச்சி வீட்டுல ஒரு பொண்ணு இருக்காமே. எங்க சொந்தத்துல ஒரு பையன். விசாரிச்சிட்டு வரச் சொன்னாங்க."

"பொண்ணா? கண்ணை மூடிக்கிட்டுக் கட்டலாம்."

"அப்பா?"

சுடலைமுத்து கொஞ்ச நேரம் டீயை ஆற்றினார்.

"மறைச்சு என்ன செய்ய? குடிப்பாரு. போன ஆடித்தபசுத் திருவிழா அன்னைக்கு ரதவீதியில வேட்டி அவுந்து கெடந்தாரு. அந்தப் பிள்ளதான் வந்து, தன் துப்பட்டாவைப் போட்டு மூடிக் கூட்டிட்டுப் போச்சு. ஊரே பாத்துச்சு."

தார்ப்பாய்க்குள் மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். அன்று தன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை.

"அதைக்கூட விடுங்க. எந்த வீட்டுல குடிக்காம இருக்கான்? இப்பப் புதுசா ஒண்ணு. வெள்ளிக்கிழமை ஆனா தலை சீவி, பவுடர் போட்டு, பாளையங்கோட்டை பஸ் ஏறிருதாரு. கேட்டா, பாத்திரம் எடுக்கப் போறேங்காரு. திரும்பி வரும்போது கையில ஒரு கரண்டி கூட இருக்காது."

"அப்புறம் எதுக்குப் போறாராம்?"

சுடலைமுத்து குரலைத் தாழ்த்தினார். "அங்க ஒரு சின்ன வீடு வச்சிருக்கதா பேச்சு. ராஜபாளையத்துக்காரங்க வந்து பொண்ணைப் பாத்துட்டுப் பிடிச்சுப்போய்த்தான் கெளம்பினாங்க. இங்க ஒரு டீ குடிச்சாங்க. அப்புறம் வரவே இல்ல."

ஜாதகம் பொருந்தவில்லை என்றுதான் தரகர் சொல்லியிருந்தார். மாசிலாமணியும் அதை நம்பி, ஜோசியரை மாற்றியிருந்தார்.

அருளப்பன் வண்டியை எடுத்தார். சந்தையைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு மதில் ஓரமாக நிறுத்தித் தார்ப்பாயை விலக்கினார். மாசிலாமணி எழுந்திருக்கவில்லை. வேட்டியெல்லாம் கறுப்பு.

"என் மகளுக்கு இந்தப் பேச்சு தெரியுமா குரு?"

"தெரு பேசுறது வீட்டுக்குக் கேக்காமலா இருக்கும்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே அவ. வெள்ளிக்கிழமை அவதான் சட்டை தேச்சுக் குடுக்கா."

சொல்லிவிட்டு டயரில் முகத்தை வைத்து அழுதார். அருளப்பன் அழ விட்டார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். ஒரு வகுப்பில் விளக்கு எரிந்தது. இரண்டு பேர் பெஞ்சுகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தை கலைந்து, காய்கறிப் பையோடு ஜனங்கள் வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள்.

மாசிலாமணி இறங்கினார். வேட்டியைத் தட்டினார். கறை போகவில்லை. வாசலையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் உள்ள போறதை யாராவது பாத்துட்டா, குரு?"

"பாக்கட்டும் அண்ணாச்சி" என்றார் அருளப்பன். "பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட சொல்ல, சுடலைமுத்துக்கும் நல்லதா ஏதாவது வேணும்லா?"