அரண்மனைக்கு வந்த கடல்

முன்னொரு காலத்தில் மங்கலாபுரியை மகுடவீரன் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நினைத்தது அந்த நிமிஷமே நடந்தாகணும், அப்படி ஒரு பிடிவாதம்! ஒருமுறை கடல் பார்க்க நாட்டின் கடைக்கோடிக்குப் போனான். மணற்குடா என்ற மீனவர் ஊரில், கரையிலே முத்தாச்சி என்ற மீனவப் பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"கடலில் உப்பைப் போட்டது யார்?" என்று சீண்டினான்.

"எங்க ஊர்ப் பொம்பளைங்க அழுத கண்ணீருதான் சாமி."

ராஜா அசந்துபோனான். "இந்த வாய் என் சபையில் இருக்கணும்!"

"ஐயோ, என் வீட்டுக்காரர் போன வள்ளம் இன்னும் திரும்பலையே!"

"வருவான், வருவான்" என்று கையை வீசினான். பல்லக்கில் ஏற்றிக் கொண்டுவந்தும் விட்டான், புண்ணியவான்.

மணற்குடாவில் ஒரு வழக்கம். கடலுக்குப் போனவர் கரை சேரும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்துக் கஞ்சிதான். முத்தாச்சி சபையைச் சிரிக்க வைத்தாள். ஆனால் அரண்மனைச் சோறு அவளுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. புருஷன் சங்கன் உயிரோடு இருக்கிறானா, இல்லையா? அது தெரியாமல் தவித்தாள். "அனுப்பிவிடுங்க சாமி" என்று தினமும் கெஞ்சினாள்.

அரண்மனைக் காரியக்காரர் திருமலைக்கொழுந்துக்கு வயிற்றெரிச்சல். நேற்று வந்தவளுக்கு இவ்வளவு மவுசா! "மகாராஜா, இவள் பெரிய கெட்டிக்காரியாச்சே. கடலை இங்கே கொண்டுவரட்டும், போகலாம். முடியாவிட்டால் ஆயுசுக்கும் இங்கேதான். ஊர்ப் பேச்சே எடுக்கக் கூடாது!"

"பலே!" என்று தொடையைத் தட்டினான் ராஜா.

முத்தாச்சி நேரே ராணியிடம் போய் அழுதாள். ராணியும் தூரதேசத்திலிருந்து வந்தவள்தானே! "நான் என்ன செய்யணும், சொல்லு" என்றாள்.

மறுநாள் இளவரசன் மலைக்கோயிலுக்குப் போனான். உச்சிப்பொழுதுக்குத் திரும்ப வேண்டிய பிள்ளை, பொழுது சாயும்வரை வரவில்லை. ராஜா கோட்டை வாசலுக்கு ஓடினான். பாதையையே பார்த்தான். தூரத்தில் புழுதி எழும்பினால் எட்டிப் பார்த்தான், மாடுகள்தான்.

"வருவார், வருவார்" என்றார் காரியக்காரர். "முதலில் இலை போடச் சொல்லுங்கள் மகாராஜா, பசி காதை அடைக்குது."

"அடப்பாவி! என் பிள்ளையைக் காணோம், உனக்குச் சோறா?"

அப்போது முத்தாச்சி கைகூப்பி வந்தாள். "கடலைக் கொண்டுவந்துட்டேன் சாமி."

"எங்கே?"

"நீங்க நிக்கிறீங்களே, இதான். உங்களுக்குக் கடல்னா தண்ணி. எங்களுக்குக் கடல்னா அடுப்பு மூட்டாம இப்படி நிக்கிறது. இளவரசர் மாந்தோப்பில் சுகமா இருக்கார், ராணியம்மாதான் நிறுத்திவச்சாங்க. என் தலையை வேணா எடுத்துக்குங்க."

ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. சற்று முன்பு தான் தவித்த தவிப்பு நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது. "இவளை அந்த நிலையிலா தூக்கி வந்தேன்?" என்று கண்கலங்கினான். "போய் வா தாயே. காரியக்காரரே, நீரே இவளைக் கொண்டுபோய் விட்டு, அவள் புருஷன் சேதியோடு வாரும். அதுவரை என் சமையற்கட்டிலும் அடுப்பு எரியாது!"

சில நாளில் காரியக்காரர் தனியே திரும்பினார். கர்வமெல்லாம் கரைந்த முகம்.

"என்னய்யா, அவன் வந்தானா?"

"நீங்கள் அவளைக் கூட்டிவந்த மறுநாளே கரை சேர்ந்துவிட்டானாம், மகாராஜா."

"அப்பாடா! அப்புறம் என்ன?"

"முத்தாச்சி திரும்பவில்லையே என்று, அத்தனை நாளும் அவன் அடுப்பு மூட்டவில்லை."